தொங்கின சங்கிலி

ராக்காயி அப்பாவுக்கு,

சோறு பானையில இருக்கு. என் தம்பி உடம்ப வாங்க ஜாசின் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க வர வேணாம்.

தோட்டத்து கேட்டுல சோல்ஜருங்க நிறுத்தச் சொல்லியும் அவன் நிக்கலியாம். காட்டுல ஒளிஞ்சிருக்குற கம்யூனிஸ்ட் ஆளுன்னு நெனச்சு சுட்டுட்டாங்களாம். உங்க சைக்கிள்ல வந்தவன் எப்படி நிப்பான்? பெடல எதிர்த்து மிதிச்சாத்தானே அது நிக்கும். "பிரேக்கு எதுக்கு, காலு போதும்"னு கழட்டிப் போட்டது நீங்கதான். அந்த கேட்டு எறக்கத்துல சங்கிலி கழண்டா காலு சும்மாதான் சுத்தும். சங்கிலி ரெண்டு விரலு அளவுக்குத் தொங்குதுன்னு சனிக்கிழமையே சொன்னேன். நாளைக்கு இறுக்குறேன்னீங்க.

தோட்டத்து ஆபீஸ் கிராணி ஐயா சைக்கிளத் திருப்பி அனுப்பிட்டாரு. பின்கட்டுல கெடக்கு.

சொல்ல மறந்துட்டேன். சங்கிலி இறுகுற மாதிரி பின் சக்கரத்த இழுத்து வச்சு, நட்டை இப்ப நானே முறுக்கிட்டேன். அஞ்சு நிமிஷ வேலைதான்.