மூன்றாவது கியரின் சத்தம்

வில்காரா ஆட்டுப்பண்ணை
2 ஜூலை 1968

லெஸ்ஸுக்கு,

குசலம் விசாரிக்க எழுதவில்லை. ஈஸ்டரின்போது வீட்டை விட்டு வந்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் காரைப் பற்றியது. உனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் வேறு எதைப் பற்றிப் பேசினாய்?

பச்சைக் கார் மக்கர் பண்ணுகிறது. மிதித்தால் எஞ்சின் அலறுகிறது. வண்டி மட்டும் யோசித்து யோசித்து நகர்கிறது. செப்டம்பர் முதல் வாரம் ஜூடித்துக்குப் பிரசவம். அவள் புருஷன் கப்பலில் இருக்கிறான். நம் பெண் அடிலெய்டில் தனியாகப் பிள்ளை பெற வேண்டாம். நான் போயே ஆக வேண்டும்.

நீ இங்கே வராதே. போனும் செய்யாதே. ஒரே லைனில் ஆறு பண்ணை, ஆறும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். என்ன செய்வது என்று எழுது. ஒன்றும் தெரியாதவளுக்கு எழுதுவதுபோல் எழுது.

டோரீன்


புரோக்கன் ஹில்
6 ஜூலை 1968

அன்புள்ள டோரீனுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கிரீஸ் கையோடு உறையைக் கிழித்துவிட்டேன். கறைக்கு மன்னித்துக்கொள்.

உன் கார் தானே கியர் மாற்றும் ஜாதி. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய ஒரு சட்டி இருக்கிறது. உள்ளே எதிரெதிராக இரண்டு காற்றாடிகள். எஞ்சின் ஒன்றைச் சுற்றும். அது தள்ளுகிற எண்ணெய் மற்றதைச் சுற்றும். எண்ணெய் குறைந்தாலோ கெட்டாலோ எஞ்சின் சும்மா சுற்றும், வண்டி நகராது.

வண்டியைச் சூடாக்கி, எஞ்சின் ஓடும்போதே அளவுக் கம்பியை எடுத்துப் பார். எண்ணெய் சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்து தீய்ந்த வாடை அடித்தால் ஓட்டாதே. அரை மைல்கூட ஓட்டாதே. தபால் லாரியில் ஏறி இங்கே வந்துவிடு. நான் ரயில் ஏற்றிவிடுகிறேன்.

சாப்பிடுகிறாயா? உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதே.

லெஸ்


வில்காரா
16 ஜூலை 1968

லெஸ்,

பழுப்பு. கருகிய ரொட்டி வாடை. கம்பியை மோந்து பார்த்த பெர்ட், பண்ணை வேலிகளைச் சுற்றிப் பார்க்கிற கிழவர், "செத்துப் போச்சும்மா. பூ வாங்கிட்டு வா" என்றார்.

யாரோ ஏற்றி யாரோ இறக்கிவிட நான் கம்பளி மூட்டை இல்லை. பெர்ட் தன் பழைய பிக்கப்பை இரவல் தருகிறேன் என்கிறார். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் கம்பி வைத்த மூன்று கியர் வண்டி. கிளட்ச் என்று இடது காலுக்கு ஒரு பெடல் இருக்கிறது. பார்த்ததுமே கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

கற்றுக்கொடு. காகிதத்தில் கத்த முடியாது இல்லையா?

டோரீன்


புரோக்கன் ஹில்
20 ஜூலை 1968

அன்புள்ள டோரீனுக்கு,

தெரியும். கல்யாணமான வருஷம், சுரங்கத்து மேட்டில், "கிளட்ச்ச விடுன்னா விடேன். மரமண்டை, எத்தன வாட்டி சொல்றது" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ இறங்கி நடந்து போனாய். அப்புறம் தானே கியர் மாற்றும் வண்டியை வாங்கிக் கொடுத்து, உனக்கு வசதி என்று ஊரெல்லாம் சொன்னேன். வசதி எனக்குத்தான்.

எஞ்சினுக்குப் பலமும் வேகமும் ஒரே நேரத்தில் வராது. கியர்தான் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கித் தரும். முதல் கியர் பலசாலி, ஆனால் மந்தம். மூன்றாவது வேகமாகப் போகும், நின்ற வண்டியைக் கிளப்பத் திராணி கிடையாது. கிளட்ச் என்பது ஒட்டிச் சுற்றும் இரண்டு தட்டுகள். பெடலை அமுக்கினால் பிரியும், விட்டால் சேரும். பிரிந்திருக்கும்போதுதான் கியர் மாற்ற வேண்டும். சேர்க்கும்போது நிதானம். பாதி வழியில் வண்டி லேசாகச் சிலிர்க்கும். அங்கே காலை ஒரு மூச்சு நிறுத்து.

கியர் கம்பியை உன் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினால் முதல் கியர். எதிர்ப்பக்கம் மேலே, இரண்டு. நேரே கீழே, மூன்று. வண்டி முழுதாக நிற்காமல் முதலுக்குப் போகாதே, பல் அரையும்.

காருக்கடியில் படுத்திருந்தாலும் தெருவில் கியர் அரைகிற சத்தத்தை வைத்து யார் என்று சொல்லிவிடுவேன். பாதிரியார் இரண்டாவதை அரைப்பார், டாக்டர் மூன்றாவதை. உன் சத்தத்தையும் ஒரு நாள் கேட்க வேண்டும்.

உன் லெஸ்


வில்காரா
6 ஆகஸ்ட் 1968

அன்புள்ள லெஸ்ஸுக்கு,

முதல் நாள் பதினோரு தடவை வண்டி நின்றது. கம்பளி வெட்டும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேலிமேல் உட்கார்ந்துகொண்டார்கள். பெர்ட் மட்டும், "ஏம்மா டோரீன், கியர் போடுறியா, கறி அரைக்கிறியா? ஆடெல்லாம் ஊரக் காலி பண்ணிட்டுப் போவுது" என்றார். இங்கே சமையல் என் கையில்தானே. ராத்திரி கறித் துண்டில் சின்னதாகப் பார்த்து அவருக்கு வைத்தேன்.

நேற்று அந்தச் சிலிர்ப்பு கிடைத்தது, லெஸ். காலுக்கே தெரிந்தது. தனியாகக் கேட் வரைக்கும் போய்விட்டு வந்தேன். சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. நீ காகிதத்தில் நல்ல மனுஷனாக இருக்கிறாய்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் பச்சைக் காரை நீ சர்வீஸ் செய்தாய். மூன்று மாதத்தில் எண்ணெய் அப்படிக் கருகுமா? பெர்ட் உதட்டைப் பிதுக்குகிறார்.

டோரீன்


புரோக்கன் ஹில்
10 ஆகஸ்ட் 1968

அன்புள்ள டோரீன்,

மூன்று காகிதம் கிழித்தாயிற்று.

கருகாது. அன்றைக்கே பழுப்பாகத்தான் இருந்தது. அளவுக் கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகிவிட்டேன். நீ பெட்டி கட்டுவதைப் பார்த்திருந்தேன். வண்டி எங்கேயாவது நிற்கும், என்னைக் கூப்பிடுவாய், வந்து சரி செய்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். வேறு எப்படி உன்னை நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் யாராவது இப்படி ஒரு வண்டியை அனுப்பியிருந்தால் அவன் பட்டறையைக் கொளுத்தியிருப்பேன்.

நீ கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும். பதில் போடு. திட்டியாவது போடு.

லெஸ்


புரோக்கன் ஹில்
24 ஆகஸ்ட் 1968

டோரீன்,

தபால் லாரி நான்கு தடவை வந்துபோய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வடக்கே மழையாம், சாலையை மூடப் போகிறார்களாம். ஒரு வேலையும் ஓடவில்லை. நேற்று ஒரு கியர்பாக்ஸைத் தப்பாகப் பூட்டி, திரும்பப் பிரித்தேன். இத்தனை வருஷத்தில் இதுவே முதல் தடவை.

சேறாக இருந்தால் இரண்டாவதிலேயே போ. நடுவில் கியர் மாற்றாதே. எப்படியும் இந்த ஊர் வழியாகத்தானே போக வேண்டும். பட்டறையில் நிறுத்தினால் அடிலெய்டு வரைக்கும் நான் ஓட்டுகிறேன். இல்லை, நீயே ஓட்டு, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து வருகிறேன்.

லெஸ்


அடிலெய்டு
3 செப்டம்பர் 1968

லெஸ்ஸுக்கு,

நேற்றுக் காலை ஜூடித்துக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம். குழந்தைக்கு உன் காது. பார்க்க வா. பார்க்க வருவதற்கு என்னிடம் கேட்க வேண்டியதில்லை. நீ வரும் நேரத்தில் நான் கடைக்குப் போயிருப்பேன்.

கத்தினதை மன்னித்தாயிற்று. மேட்டில் நடந்தது, மேட்டோடு போகட்டும். போன வருஷம் வில்காரா சாலையில் கார் நின்றுபோன சர்வேயரை மூன்றாம் நாள் பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள். அந்தச் செய்தியை இரவுச் சாப்பாட்டின்போது எனக்குப் படித்துக் காட்டியது நீ. அதே சாலையில் என்னை அந்த வண்டியோடு அனுப்பிவிட்டு, போன் அடிக்கும் என்று காத்திருந்தாய். இதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை, தேடியும் பார்த்துவிட்டேன்.

பச்சைக் கார் பண்ணைக் கொட்டகையில் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள். எனக்கு வேண்டாம்.

நீ சொன்னபடியே சேற்றில் இரண்டாவதிலேயே வந்தேன். நீ நல்ல வாத்தியார், அதில் பொய் இல்லை. வியாழக்கிழமை மதியம் உன் பட்டறைத் தெருவில் வந்தேன். கதவு திறந்திருந்தது. ஏதோ வெள்ளைக் காருக்கடியிலிருந்து உன் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன, அந்த ஓட்டை பூட்ஸோடு. நிறுத்தலாமா என்று வேகத்தைக் குறைத்து இரண்டாவதுக்கு வந்தேன். வாசல் வரைக்கும் எனக்கே தெரியாது.

பிறகு கிளட்சை அமுக்கி, கம்பியை நேரே கீழே இழுத்து, நிதானமாக விட்டேன். மூன்றாவது விழுந்தது. ஒரு சத்தமும் வரவில்லை, லெஸ். உன் கால்கூட அசையவில்லை.

டோரீன்