உன் உயரத்துக்கு வாங்கிய கோல்

அந்தக் கோலை யாருக்காக வாங்கிவரச் சொன்னாய்? உனக்காகவா, ஞானத்துக்காகவா? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. இனி உன்னைக் கேட்கவும் வழியில்லை.

இன்று மத்தியானம் உன் எஸ்டேட் வேலையாள் சடையன் பங்களாவின் பில்லியர்ட்ஸ் அறையைத் திறந்துவிட்டான். பூஞ்சணம்தான் மணக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். சுவரில் மாட்டியிருந்த கோலை எடுத்து முகத்தருகே கொண்டுபோனேன். அடுப்புப் புகை மணத்தது. இத்தனை காலத்துக்கு அப்புறமும் போகவில்லை. பில்லியர்ட்ஸ் கோலில் அடுப்புப் புகை மணக்கும் இடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எஸ்டேட்டை உன் வீட்டுக்காரர் விற்றுவிட்டார். உன் பொருளில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளும்படி சேலத்தில் இருக்கும் எனக்குச் சொல்லியனுப்பினார். அதற்காகத்தான் மலையேறி வந்தேன். புடவைகளைத் தொடவில்லை. புத்தகங்கள் பாதி என்னுடையவை, அவற்றையும் விட்டுவிட்டேன். இந்தக் கோல் மட்டும் போதும் என்று சடையனிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அத டாக்டரம்மாவும் கேட்டாங்களே. நாளைக்குக் காலைல வாரேன்னு சொல்லியுட்டிருக்காங்க."

"நீ என்ன சொன்னாய்?"

"நான் என்னத்தச் சொல்றதுங்க? டீச்சரம்மா வாராங்க, அவங்களையே கேட்டுக்குங்கன்னு சொல்லிப்போட்டனுங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவால நான் ஏனுங்க சாவறது?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞானத்துக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். என்ன காரணம் சொல்லி மறுப்பது என்பதுதான் இன்னும் புரியவில்லை. உனக்கு எழுதினாலாவது தெளிவு வருமா என்று பார்க்கிறேன்.

இந்த எஸ்டேட்டை விட்டுப்போன துரை, மேஜையையும் இரண்டு கோல்களையும் விட்டுப்போனான். உன் வீட்டுக்காரர் மேஜைமேல் காப்பிக்கொட்டை காயவைக்கலாமா என்று கேட்டார். நீ அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. கல்லூரியில் டென்னிஸ் மட்டையைக்கூடத் தொடாதவள் நீ. யாரும் சொல்லித்தராமல், மழைக்காலத்தில் வெளியே இறங்க முடியாத நாட்களில், தனியாக அடித்து அடித்துக் கற்றுக்கொண்டாய். பள்ளிக்கூடம் மூடியதும் மே மாதம் நான் வருவேன். கோணம் கணக்குப் போட்டு நான் அடிப்பேன், நீ பார்த்தவுடன் அடிப்பாய். என் பந்து மேஜை ஓரத்துப் பைக்குப் பக்கத்தில் போய் நிற்கும், உன்னுடையது விழும். "நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பந்துக்கு நரை விழுந்துடும்டி" என்பாய். தோற்பதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அந்த மேஜையின் மறுபக்கம் என்னுடைய இடம். அது போதுமாக இருந்தது.

பிறகு ஞானம் வந்தாள். மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதி ஒவ்வொன்றாகப் போய்க் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுக்க வந்த டாக்டர். நெட்டையான பெண், நம்மைவிட மிகவும் இளையவள். திண்ணனூர் நாட்டுப் பக்கம் போய்த் திரும்பும்போது உன் வீட்டில் தங்குவாள். முதலில் ஒரு வேளைச் சாப்பாடு, அப்புறம் ஒரு ராத்தங்கல். அடுத்த கிறிஸ்துமஸ் லீவுக்கு நான் வந்தபோது அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"இவளுக்குக் கை வருதுடி" என்றாய்.

"எனக்கு?"

"உனக்குக் கணக்கு வருது."

அவளும் சிரித்தாள். உன்னை 'அக்கா' என்றாள், என்னை 'டீச்சர்' என்றாள்.

நான் கிளம்பும் நாளன்றுதான் சொன்னாய். "பரீட்சைப் பேப்பர் திருத்த மதராஸ் போவேல்ல, ஒரு நல்ல கோல் வாங்கிட்டு வா. இந்த ரெண்டும் வில்லா வளைஞ்சுபோச்சு. ரொம்ப ஒசத்தியும் வேண்டாம், மட்டமும் வேண்டாம். நடுவாந்தரமாப் பாரு."

"யாருக்கு?"

"ஆடுறதுக்கு" என்றாய். அவ்வளவுதான். ஞானம் பக்கத்தில் நின்று, கோல் நுனியில் தடவும் சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மவுண்ட் ரோட்டில் கடைக்காரர் முதலில் தந்தப் பூ பதித்த ஒன்றை எடுத்து நீட்டினார். "துரைமாரெல்லாம் இதைத்தான் எடுப்பாங்கம்மா."

"துரைமார் ஊருக்குப் போகும்போது வளைந்த கோலை விட்டுவிட்டுப் போகிறார்கள். வேறு காட்டுங்கள்."

சாயம் பூசியது ஒன்றைக் காட்டினார். மரத்தின் முடிச்சை மறைக்கத்தான் அந்தச் சாயம், அதை வைத்துவிட்டேன். இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டுவது ஒன்று, மலைக்குக் கொண்டுபோக வசதி என்றார். உன் வீட்டு ஈரத்தில் அந்தப் பூட்டு ஒரு மழைக்குத் தாங்காது. கடைசியில் வேலைப்பாடு இல்லாத ஒற்றை மரக் கோல் ஒன்று வந்தது. அதன் ரேகைகளையும் தந்தப் பூக் கோலின் ரேகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடியிலிருந்து நுனிவரை கோணாமல் ஓடும் அதே மரம். விலையில் பாதி கைப்பிடியிலிருந்த பூவுக்குத்தான். கண்ணாடி மேஜைமேல் உருட்டினேன், நுனி துள்ளவில்லை. ஒரு விரலில் நிறுத்திப் பார்த்தேன், கனம் அடிப்பக்கம் சரியாக நின்றது. நடுத்தர விலையில் அந்தக் கடையில் அதைவிட நல்லது இல்லை. இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

"இதிலயே நீளம் ஒன்று இருக்கு, குட்டை ஒன்று இருக்கு. ஆடுறவங்க உயரமா, குள்ளமா?" என்றார்.

நீ என் தோளுக்கு வருவாய். ஞானம் என்னைவிட ஒரு சாண் கூட. கடைக்காரர் காத்திருந்தார். "குள்ளம்" என்றேன். இன்றுவரை அதைத் தவறென்று நான் நினைக்கவில்லை. உயரம் சொல்லாமல் கோல் கேட்டவள் நீ.

மே மாதம் அடிவாரத்தில் ஆட்கள் தூக்கும் டோலியில் ஏறினேன். பெட்டியும் துணி சுற்றிய கோலும் சடையன் தலையில். நான் பங்களாவுக்கு வந்து சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவன் தேவனூர் நாட்டில் தன் வீட்டிலேயே ஒதுங்கிவிட்டான். மறுநாள் வெகு பெருமையாகக் கோலை நீட்டினான். அது காப்பி நிறத்தில் இருந்தது.

"மழைல நனஞ்சு போச்சுங்க. ஏர்க்காலெல்லாம் அப்படித்தானுங்க போட்டு வெப்போம், அடுப்புக்கு மேல பரண்ல. புகை ஏறிப்போச்சு, இனி புழு அண்டாதுங்க."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் நுனியைத் தொட்டேன். சூட்டில் பசை விட்டுப்போய் நுனித் தோல் என் கையோடு வந்துவிட்டது. மதராஸிலிருந்து நான் கண்ணைப் போலக் காத்துக் கொண்டுவந்தது, தோல் இல்லாமல் அடிக்க உதவாத வெறும் கம்பாக நின்றது.

அதைச் சரிசெய்தது ஞானம். மருந்துப் பையின் வாரிலிருந்து வட்டமாகத் தோல் வெட்டி, வச்சிரம் காய்ச்சி ஒட்டி, கத்தியால் ஓரம் செதுக்கினாள். அந்தக் கைகளையே நீ பார்த்துக்கொண்டிருந்தாய். கோலைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த என்னை யாருக்கும் நினைவில்லை. பசை காய்ந்ததும் கோலை எடுத்து மேஜைமேல் குனிந்தாய். "எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்குடி" என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த வார்த்தையே, "ஞானம், நீ முதல்ல அடி" என்றாய்.

அவள் முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, எப்படியோ அடித்தாள். பந்து விழுந்தது.

அதற்குப் பின் வந்த மே மாதங்களில் நானும் ஆடினேன். எனக்கு நீ எந்தக் குறையும் வைக்கவில்லை. என் காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்று மறக்கவில்லை. ஆனால் அந்த மேஜையில் நான் விருந்தாளி ஆகிவிட்டேன். இப்போதும் மனசு ஆறவில்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோது மலைப்பாதை மழையில் அறுந்துபோயிருந்தது. எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் தலைமாட்டில் அவள் இருந்தாள். அவள் டாக்டர், இருக்கத்தான் வேண்டும். அறிவுக்கு இது புரிகிறது. இருந்தும் உன் கடைசி நாட்களும் அவளுக்கு, இந்தக் கோலும் அவளுக்கு என்றால் என்னால் தாங்க முடியாது. காலையில் அவளிடம் இதையே நேராகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் எழுதுவது:

அவள் வந்தாள். காதோரம் நரைத்திருக்கிறது. நான் தயாராக வைத்திருந்த பேச்சை ஆரம்பிக்குமுன், "ஒரு ஆட்டம் ஆடலாமாக்கா?" என்றாள். என்னை அவள் அக்கா என்றது இதுதான் முதல் தடவை. துரையின் பழைய கோல்கள் இரண்டும் உளுத்துப்போயிருந்தன. ஆகவே ஒரே கோலில் ஆடினோம். நான் அடித்துவிட்டு அவளிடம் நீட்ட வேண்டும், அவள் அடித்துவிட்டு என்னிடம். ஒவ்வொரு தடவையும் விரல்களைப் பிரிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவளுக்கும் அப்படித்தான் என்பதைக் கவனித்தேன். சடையன் வாசலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஜெயித்தாள். முந்தானையால் கோலை அடியிலிருந்து நுனிவரை துடைத்து என்னிடம் கொடுத்தாள். "நீங்க எடுத்துட்டுப் போவீங்கன்னு தெரியும். ஒரு தடவை ஆடிட்டு விட்டுடலாம்னுதான் வந்தேன்."

நீயே வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். "அக்கா கடைசியா உங்களப் பத்தி..." என்று ஆரம்பித்தாள்.

"மேகம் இறங்குகிறது, கிளம்ப வேண்டும்" என்றேன்.

நீ என்னைப் பற்றிச் சொன்னது அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கோலை மடியில் கிடத்திக்கொண்டு டோலியில் ஏறினேன்.