மாற்ற ஆள் வரவில்லை

மார்ச் 4

இன்றும் நிலக்கரியோடு கல் வந்து பெல்ட் நின்றது. மூடப்போகிற மின்நிலையத்துக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

மூடட்டும். கொடியில் காயும் துணியைச் சாம்பல் போக உதறாமல் ஒருநாளாவது போட்டுக்கொள்கிறேன். ஆனால் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்? சாம்பல் அள்ளும் ஒப்பந்த ஆட்களை. அதில் என் தம்பியும் ஒருவன்.

மார்ச் 9

மேலாளர் கூட்டம் போட்டார். பொருளாதாரம் வளருமாம், புதுக் கம்பெனிகள் வருமாம், வேலை தானாகத் தேடி வருமாம். அந்தக் கம்பெனிகளுக்காக வேலி போட்ட இடத்தில் நாய் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டாயிற்று.

எழுந்து கேட்டுவிட்டேன். "அது வளர்ற வரைக்கும் நாங்க என்ன சார் பண்றது? இந்த நிலையத்தைப் பிரிச்சு, சாம்பல் குளத்தைச் சுத்தம் பண்ணவே வருஷக்கணக்கா வேலை இருக்கு. நிரந்தர ஆளுங்களுக்கு மட்டும்னு வைக்காம, ஆளுக்குப் பாதி வாரம்னு எல்லாரும் பங்கு போட்டுக்கறோம். ஒப்பந்த ஆளுங்களும்தான்."

"நல்ல யோசனைம்மா," என்றார், போனைப் பார்த்துக்கொண்டே.

மார்ச் 10

பெல்ட்டை இயக்கும் அறையில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நாற்காலிதான். காலை ஷிப்ட் நான், இரண்டு மணிக்கு அவர். அவர் வந்து "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லாமல் நான் எழுந்திருக்கக் கூடாது; அது நிர்வாகம் போட்ட விதி. நாங்கள் குடும்பம் நடத்துவதே அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

இன்று அந்த நேரத்தில் சண்டை. "உன் தம்பிக்காக என் சம்பளத்துல கை வைக்கறியா?"

"என் சம்பளத்துலயும்தான்."

மார்ச் 16

வேலையைப் பங்கு போடுவதற்குச் சங்கத்தில் கை தூக்கச் சொன்னார்கள். தோற்றோம். ஒப்பந்த ஆட்களுக்கு ஓட்டு கிடையாது. தம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். என் வீட்டுக்காரரின் கை சட்டைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை.

"விடுக்கா," என்றான் தம்பி. எதை விடுவது? ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 17

என் டிபன் பாக்ஸை மட்டும் கழுவினேன்.

மார்ச் 31

மதியம் பெல்ட்டைக் கடைசியாக நிறுத்தினேன். வாசலில் ஒப்பந்த ஆட்களின் பாஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் வந்து கிளம்பச் சொன்னார்.

"மாத்த ஆள் வரல சார்."

"இனிமே யாரும்மா வருவா?"

"விதி நீங்க போட்டதுதானே?"

எனக்கே பயம்தான். அழுகையை அடக்க முடியவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

சரியாக இரண்டு மணிக்கு அவர் வந்தார். இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"எந்திரி. நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தும்விட்டார். பிறகு மேலாளரிடம், "சாம்பல் ஆளுங்களுக்கும் பங்கு குடுங்க சார். அப்புறம் எந்திரிக்கறேன்," என்றார். பாய்லர் பக்கத்திலும் யாரும் எழுந்திருக்கவில்லையாம்.

ஏப்ரல் 8

இன்னும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறோம். முதுகு போச்சு. அன்று கை தூக்காதவர்களெல்லாம் இன்று நாற்காலி கேட்கிறார்கள். முன்னாடியே தூக்கித் தொலைத்திருந்தால் என்ன?

மே 21

நிர்வாகம் ஒருவழியாக இறங்கி வந்து பங்கு கொடுத்துவிட்டது. இந்த வாரத்தின் முதல் பாதி எங்களுடையது, நேற்றோடு முடிந்தது. காலையில் தம்பி வீட்டுக்கு வந்தான். சாம்பல் குளத்துக் கேட் சாவியை அவர் நீட்டினார்.

"நான் பாத்துக்கறேன் மாமா."

அவன் போனதும் இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடியிலிருந்து என் சேலையை எடுத்து உதறினார், பழக்கதோஷம். ஒன்றும் விழவில்லை. "பாதிச் சம்பளம்," என்று முனகிக்கொண்டே இன்னொரு தடவை உதறிப் பார்த்தார்.