மாடக்ஸ் இனி இங்கே ஆட வராது

கெஸ்லர், இல்லினாய்
18 மார்ச் 2013

மாடக்ஸ் ஊர் ஓரின் டீக் அவர்களுக்கு,

அன்றைக்கு அரங்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. நான் இருந்தேன். இடப்பக்கம் என் பேத்தி டெஸா. வலப்பக்கம் நீர், அந்தப் பழைய சிவப்பு ஜாக்கெட்டோடு. உமக்கு அப்பால் உம் மச்சான் வெர்ன், பாதி ஆட்டம் தூங்கினார். வாசலில் டிக்கெட் கிழித்தவள் ஹேஸல். மேலே கண்ணாடி அறையில் எங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் கிரெய்க் லண்டி. கூடைப்பந்தில் எங்கள் கெஸ்லர் பையன்கள் உங்கள் மாடக்ஸ் பையன்களை ஜெயித்தார்கள். இத்தனை பேரில், இரண்டு கல்லூரியும் ஒன்றோடொன்று ஆடுகிற கடைசி ஆட்டம் இதுதான் என்று தெரிந்தவர் லண்டி ஒருவர்தான். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

நீரும் பேப்பரில் பார்த்திருப்பீர். வருகிற குளிர்காலத்திலிருந்து நாங்கள் பழைய லீகை விட்டுப் பெரிய லீகுக்குப் போகிறோமாம். அதில் எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதே பஸ்ஸில் ஒரு பகல் தூரம். ஆனால் அந்த லீக் ஆட்டங்களை டிவியில் நாடு முழுக்கக் காட்டுவார்களாம். சர்ச் ஹாலில் கூட்டம் போட்டு லண்டி சொன்னார்: “இத்தன காலமும் நாம யாரு கண்ணுலயும் படல. இனிமே நாடே நம்மளப் பாக்கும்.”

நான் எழுந்து கேட்டேன், “பாக்கட்டும். நாம யாரோட ஆடுறதப் பாக்கும்?”

குழந்தைக்குத் தலையைத் தடவுகிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவளுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உம் விலாசத்தை போன் புத்தகத்தில் தேடி எடுத்தேன். எதற்கென்றால், பனி விழுவதற்குள் ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று அன்றைக்கு அவசரமாகக் கிளம்பினீர். “அடுத்த வருஷம் பாத்துக்குவோம்” என்றீர். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. 91-இல் உங்கள் ப்ரூயிட் பையன் கோட்டை மிதித்துவிட்டுத்தான் அந்தப் பந்தைப் போட்டான். நடுவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அந்த வழக்கை முடிக்காமல் நீர் தப்பிக்க முடியாது.

இப்படிக்கு,
ஆர்வில்லா டங்கல்


மாடக்ஸ், மிசௌரி
3 ஏப்ரல் 2013

அன்புள்ள டங்கல் அம்மாவுக்கு,

தபால்காரர் உறையைக் கையில் கொடுத்ததுமே சத்தம் கேட்டது. உங்கள் எழுத்தும் உங்கள் குரல் போலத்தான் இருக்கிறது.

ப்ரூயிட்டின் கால் கோட்டில் படவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. நான் கல்லறைக்குப் போனாலும் இதையேதான் சொல்வேன்.

இங்கே எல்லோரும் வாடித்தான் போயிருக்கிறோம். நீங்கள் போனதும் இன்னும் இரண்டு கல்லூரிகள் கிளம்பப் பார்க்கின்றனவாம். காலைச் சாப்பாட்டுக் கடையில் எங்கள் பயிற்சியாளர் வந்து உட்கார்ந்தார். கெஸ்லர் வருகிற அன்றுதான் பேப்பர்காரர்கள் எங்களைத் தேடி வருவார்கள், இனி அதுவும் இல்லை என்றார். முட்டையைத் தொடாமலே எழுந்து போனார்.

மனைவி போன பிறகு என் குளிர்காலத்தில் நான் காத்திருந்தது இரண்டே நாளுக்கு. ஒன்று நீங்கள் இங்கே வந்து எங்களைத் திட்டும் நாள். இன்னொன்று நான் அங்கே வந்து திட்டு வாங்கும் நாள். வெர்ன் உங்கள் இலவங்கப்பட்டை ரொட்டியைக் கேட்கச் சொன்னான். தூங்கினாலும் அதற்கு மட்டும் விழித்துக்கொள்வான்.

உங்கள் எதிரி,
ஓரின் டீக்


மாடக்ஸ்
29 நவம்பர் 2013

அன்புள்ள டங்கல் அம்மாவுக்கு,

நேற்று உங்களை டிவியில் பார்த்தேன்.

உங்கள் அரங்கத்து வழக்கம் எனக்குத் தெரியும். கெஸ்லர் முதல் கூடை போடும்வரை உங்கள் ஆட்கள் யாரும் உட்கார மாட்டார்கள். பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு “கால் வலிக்கப் போகுது அம்மா” என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். நேற்று அந்தப் பெரிய கல்லூரிப் பையன்கள் மரம் மாதிரி நின்று மறித்தார்கள். உங்கள் பையன்களுக்குப் பந்து விழவே இல்லை. சனங்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் அந்த வரிசையில் மஞ்சள் ஸ்வெட்டரோடு நீங்கள் மட்டும் நின்றீர்கள். கேமரா உங்களிடமே நின்றுவிட்டது. வர்ணனைக்காரன் சிரித்தான்: “அந்தப் பாட்டிக்கு யாராவது ஒரு நாற்காலி போடுங்கப்பா.”

நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். “அவங்க உக்கார மாட்டாங்கடா. ஒரு கூடையப் போட்டுத் தொலைங்கடா” என்று தனி வீட்டில் கத்தினேன். என் ஆயுளில் முதல் தடவையாக கெஸ்லர் கூடை போட வேண்டும் என்று கேட்டேன். இதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது.

ஓரின் டீக்


கெஸ்லர்
12 டிசம்பர் 2013

டீக்,

டெஸாவிடம் மட்டும் சொன்னேன். அவள் ஊருக்கே சொல்லிவிட்டாள்.

நாடே பார்த்ததாம். எனக்குத் தெரிந்து என்னைப் பார்த்தது நீர் ஒருவர்தான். ஓரிகனில் இருக்கிற என் சொந்தத் தங்கை அந்த நேரத்தில் கடைக்குப் போயிருந்தாளாம். அவள் எப்போதும் அப்படித்தான், என் கல்யாணத்துக்கும் தாமதமாக வந்தவள்.

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறோம். தோற்கிறவர்களை டிவிக்காரர்கள் எத்தனை நாள் காட்டுவார்கள்? ஆட்டங்களை இன்டர்நெட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். டெஸா போனில் காட்டினாள், எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது. டிவியில் வருகிற ஒன்றிரண்டையும் வார நாளில் ராத்திரி எட்டரைக்கு வைக்கிறார்கள். விடிவதற்குள் மாட்டுக் கொட்டகைக்குப் போகிறவன் அந்த நேரத்துக்கு வருவானா? எதிரணி விமானத்தில் வருகிறது, விமானத்தில் போகிறது. கூட ஒரு சனம் வருவதில்லை. என் வலப்பக்கம் முழு வரிசையும் காலி. அந்தப் பக்கம் பார்த்துத் திட்ட யாருமில்லாமல் என் தொண்டை நன்றாக இருக்கிறது.

லண்டியிடம் நேரே போனேன். லீக் கிடக்கட்டும், அடுத்த வருஷம் தனியாக ஒரே ஒரு ஆட்டம் மாடக்ஸோடு வையும் என்றேன். அவர் நாற்காலியெல்லாம் போட்டு உட்கார வைத்தார். “மாடக்ஸ் மாதிரி சின்ன டீமோட ஆடினா, ஜெயிச்சாக்கூட நம்ம தரவரிசை எறங்கிடும்மா” என்றார்.

“ஜெயிச்சா எறங்குமா? அப்ப நீங்க தோத்துத்தான் ஏறப்போறீங்களா?” என்று கேட்டுவிட்டு வந்தேன். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

ஆகவே அணிகளை விடும். ஜனவரி 25 சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு இங்கே ஒரு ஆட்டம் இருக்கிறது. லண்டி கெஞ்சிக் கூத்தாடி அதற்கு டிவியை வரவழைத்திருக்கிறார். பகல் வெளிச்சம், பாலத்துக்குப் பயப்பட வேண்டாம். வாரும். உம் இடத்தைப் பிடித்து வைக்கிறேன். நீர் எதிரணிக்கே கத்தினாலும் சரி, நான் பொறுத்துக்கொள்வேன் என்று சொல்லவில்லை, ஆனால் இடம் இருக்கும்.

ஆர்வில்லா


மாடக்ஸ்
4 ஜனவரி 2014

அன்புள்ள ஆர்வில்லா அம்மாவுக்கு,

வருகிறேன். வண்டி ஓட்டக் கூடாது என்று மகள் நதீன் ஒமாஹாவிலிருந்து போனில் சத்தம் போட்டாள். பகல்தானே என்று சொல்லி அடக்கிவிட்டேன். வெர்னுக்கு முட்டி வீங்கியிருக்கிறது, நான் மட்டும்தான். சிவப்பு ஜாக்கெட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன்.

ஓரின்


கெஸ்லர்
27 ஜனவரி 2014

டீக்,

உம் நாற்காலியில் என் கோட்டை விரித்து வைத்திருந்தேன். ஒரு வாலிபன் வந்து “இங்க யாராவது வர்றாங்களா?” என்று கேட்டான். வருகிறார்கள் என்றேன். இடைவேளையில் மறுபடி வந்து கேட்டான். மறுபடியும் அதையே சொன்னேன். முடிகிற நேரத்தில் அவன் கேட்கவில்லை, பார்த்துவிட்டு மட்டும் போனான்.

நேற்று போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. உடம்புக்கு ஏதும் இல்லையே? பாலத்தில் ஏதும் இல்லையே? பேப்பரில் இறந்தவர் பக்கத்தை நேற்றும் இன்றும் பார்த்தேன், மிசௌரி பக்கத்தையும் சேர்த்து. உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுதும். இல்லையென்றால் வெர்ன் எழுதட்டும்.

ஆர்வில்லா


மாடக்ஸ்
3 பிப்ரவரி 2014

அன்புள்ள ஆர்வில்லா அம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் வந்தேன்.

வண்டியை நிறுத்திவிட்டு வாசல்வரை வந்தேன். அங்கே ஒரு பெண் பெட்டியோடு நின்று எல்லோருக்கும் மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்துக்கொண்டிருந்தாள். “தாத்தா, இத ஜாக்கெட்டுக்கு மேல மாட்டிக்கிட்டு உள்ள போங்க. டிவில அந்தப் பக்கம்தான் தெரியும், வேற கலரே இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றாள்.

நான் மாடக்ஸ் ஆள் அம்மா என்றேன்.

“அது எந்த டீம் தாத்தா?” என்றாள்.

கேலி இல்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. போன வருஷம்வரை அந்த வாசலில் சிவப்பைப் பார்த்தாலே ஊளையிடுவார்கள். அந்த ஊளைக்காகவே நான் ஜாக்கெட்டைச் சலவை செய்து போட்டு வந்தேன்.

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக் கதவு வழியாக உங்கள் முதுகு தெரிந்தது. பக்கத்தில் கோட்டு விரித்த நாற்காலியும் தெரிந்தது. சுற்றி எல்லாம் மஞ்சள். உள்ளே வந்தால் நான் யாருக்கு எதிராக உட்காருவேன்? இத்தனை வருஷமும் உங்கள் பக்கத்தில் உட்கார எனக்கு இருந்த உரிமையே உங்கள் எதிரி என்பதுதான். அது இல்லையென்றால் நான் உங்களுக்கு யார்? ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிழவன். சட்டையைப் பெட்டியிலேயே போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன் அடித்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். எடுக்க வெட்கமாக இருந்தது.

எங்கள் கல்லூரியையும் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப் போகிறார்கள். இனி இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நதீன் கேட்கிறாள். வசந்தத்தில் அவளோடு ஒமாஹாவுக்குப் போகச் சம்மதித்துவிட்டேன். விலாசம் கிடைத்ததும் எழுதுகிறேன்.

ஓரின் டீக்


கெஸ்லர்
10 பிப்ரவரி 2014

டீக்,

கடிதம் கிடைத்தது. டெஸா படித்துக் காட்டட்டுமா என்றாள். வேண்டாம் என்று நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு பாத்திரமெல்லாம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையும் கழுவினேன்.

அந்தப் பெண்ணை நான் விசாரித்தேன். வெளியூர்ப் பிள்ளை, இந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். நீர் யார் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. லண்டி இங்கிருந்து கிளம்புகிறார். இதைவிடப் பெரிய கல்லூரியில் இதைவிடப் பெரிய அறை கிடைத்திருக்கிறதாம். அந்த மனிதர் எங்களை எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தார், தன்னையும் சேர்த்து. போகட்டும். என்னைப் பார்த்துச் சிரித்த வர்ணனைக்காரனும் போகட்டும்.

ஆனால் நீர் ஒரு கேள்வி எழுதியிருக்கிறீர், நான் உங்களுக்கு யார் என்று. அந்தக் கேள்வியைக் கதவுக்கு வெளியே நின்று உமக்குள்ளேயே கேட்டு, நீரே பதிலும் சொல்லி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறீர். என்னை அல்லவா கேட்டிருக்க வேண்டும்? அந்தப் பெண்ணிடம் “டங்கல் அம்மாவக் கூப்பிடு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வெளியே வந்திருப்பேன். புயல் சங்கு ஊதின அன்றுகூட ஆட்டத்தின் நடுவில் எழுந்திருக்காதவள் நான். அன்றைக்கு எழுந்து வந்திருப்பேன். உம் வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டு, நீர் உம் சிவப்பில், நான் என் மஞ்சளில், இருட்டும்வரை சண்டை போட்டிருப்போம். சண்டை போடாமலும் இருந்திருப்போம்.

ஒமாஹா விலாசத்தை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதம் மாடக்ஸுக்கு வருகிறது, அதுதான் எனக்குத் தெரிந்த விலாசம்.

இப்படிக்கு,
ஆர்வில்லா டங்கல்

பி.கு.: நான் யாரையும் லேசில் மன்னிக்கிறவள் இல்லை என்று ஊருக்கே தெரியும். இந்தக் குளிர்காலத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராக விட்டுவிட்டேன். இனி விட முடியாமல் மிச்சம் இருப்பது ஒருவர்தான். வாசல்வரை வந்தவர். மாடக்ஸ் ஊர், ஓரின் டீக்.