கம்பெனிக்காரனுக்கு முன்தண்டு

13-6-71, ஞாயிறு
அந்தோணியார் திருவிழா. பெங்களூரில் கம்பெனி வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் சப்பரத்தின் முன்தண்டு என்று ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். தோள் கொடுத்தேன். அங்கே நான் கட்டடத்துக்குச் செங்கல் சுமக்கிறவன். பெண்டாட்டி ராயம்மாளுக்கே தெரியாது. சுமக்கிறவன்தானே சுமந்தேன், கோவிக்காதீர் அந்தோணியாரே.

பின்தண்டில் பக்கத்து வீட்டுச் சவுரியப்பன். "என்னடா சவுரி, சாமி உம் பக்கமே சாயறாரு? கம்பெனிச் சோறு தின்னிருந்தா தோளு நிக்கும்" என்றேன். ஊரே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

17-6-71
பொம்மிடியில் ரயில் ஏறினேன். ராயம்மாள் வேட்டியைப் பெட்டியில் வைத்து, பேண்ட்டை எடுத்துக் கொடுத்தாள். கம்பெனிக்காரன் அல்லவா!

27-6-71, ஞாயிறு
பெங்களூரில் நாங்கள் கூலியாட்கள் தங்கும் கொட்டகை இருக்கும் தெருவில் சவுரியப்பன்! கையில் தகரப்பெட்டி. விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுத நிலத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறான். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்கண்ணா, சேத்துக்குவாங்க."

மேலதிகாரி லீவு என்றேன். சே, என்ன மனுஷன் நான்?

30-6-71
மேலதிகாரி இன்னும் லீவுதான்.

2-7-71
எத்தனை கம்பெனி இந்த ஊரில்! சுவர் எழுப்ப நாங்கள். உள்ளே போக எட்டாவது பாஸ் வேண்டும்.

காலையில் ஆள் எடுக்கிற முக்கில் நின்றேன். திரும்பினால் பின்னால் சவுரியப்பன். எனக்குத் தெரியாமல் கூடவே வந்திருக்கிறான். மேஸ்திரி என் தோளை அமுக்கிப் பார்த்து, "பெரியவரே, நீ நாளைக்கு வா" என்றார். அவனைப் பார்த்து, "நீ ஏறு."

சவுரி என்னைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு லாரியில் ஏறினான். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா, பாவி? திட்டியிருந்தா நானும் ஏதாச்சும் நக்கல் பண்ணி ஆறியிருப்பேனே.

11-7-71, ஞாயிறு
சவுரிக்கு எழுத வராது. நான் மூணாவது வரை படித்தவன். பெண்டாட்டிக்கு எழுதக் கார்டு வாங்கி வந்து நீட்டினான்.

"வூட்டுக்கு எழுதுங்கண்ணா. புஷ்பமேரி பேருக்கு."

"என்னன்னுடா?"

"கம்பெனில சேந்துட்டேன்னு."

"வேணாம்டா. ரெண்டு பேரும் ஊருக்குப் போயி உள்ளதச் சொல்லிடலாம்" என்றேன்.

"அந்த நெலத்துல வேற ஆளு ஏரு பூட்டிட்டான்னு சேதி வந்துச்சு. போயி எங்க நிப்பேன்? எழுதுங்கண்ணா."

எழுதினேன். ராயம்மாளுக்கு எழுதுகிற அதே வரிகள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.