மாப்பிள்ளையின் முழங்கால்

உத்திரமேரூர்,
12.8.1979

அருமை மகள் ஞானசுந்தரிக்கு உன் நைனா பஞ்சாட்சரம் எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, தங்கை வசந்தகுமாரி, சினையாக இருக்கும் சிவப்புப் பசு எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும், அதைவிட முக்கியமாக மாப்பிள்ளையின் இரண்டு கால்களுடைய சௌக்கியத்தையும் உடனே எழுது.

போன வார ஆட்டத்துக்குப் பேப்பரில் நாலு வரி ஒதுக்கியிருக்கிறான். தணிகைவேல் ஒரு கோல் போட்டார் என்று இருக்கிறது. வலது காலா, இடது காலா, தலையா? அதை எழுத அவனுக்கு இடமில்லை. பக்கத்திலேயே கிரிக்கெட்டுக்கு முக்கால் பக்கம். ஐந்து நாள் ஆடிவிட்டு யாரும் ஜெயிக்காமல் கை குலுக்கிக்கொண்டு போவதெல்லாம் ஒரு ஆட்டமா? நடுவில் சாப்பாட்டுக்கு வேறு விடுகிறார்கள். அது விளையாட்டு இல்லை, தாலுகா ஆபீஸ்.

உனக்கு ஃபுட்பால் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? கோலில் நிற்பவனைப் பார். தடுத்ததை எவனும் பார்க்க மாட்டான், விட்டதை ஊரே பார்க்கும். வீட்டில் பெண்கள் பிழைப்பும் அதுதானே.

உன்னைக் கேட்டு ஒரு வாத்தியார் வந்தார், ஒரு சர்வேயர் வந்தார். காஞ்சிபுரத்தில் தணிகைவேல் ஆடியதைப் பார்த்த அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். ஜாதகத்தை அப்புறம்தான் பார்த்தேன். ஆட்டத்துக்காகவே கூப்பிட்டு ஆபீசில் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட கால்!

செப்டம்பர் இரண்டாம் தேதி அரை இறுதி. சின்னராசுவின் லாரியைப் பேசிவிட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்காருகிற அத்தனை பேரும் வருகிறோம். மாப்பிள்ளையிடம் சொல்.

ஆசீர்வாதத்துடன்,
பஞ்சாட்சரம்


சென்னை,
17.8.1979

அன்புள்ள நைனாவுக்கு உங்கள் ஞானம் நமஸ்காரத்துடன் எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். கோல் போட்டது வலது காலால். அந்தக் கால்தான் இப்போது சரியில்லை. முழங்கால் வீங்கி, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். டாக்டர் ஊசி வைத்து நீர் எடுத்தார். உள்ளே ஜவ்வு கிழிய ஆரம்பித்திருக்கிறதாம். ஒரு மாதம் ஓடாமல் இருந்தால் சேர்ந்துவிடும், இப்போது ஆடினால் அப்புறம் ஆடவே முடியாது என்று என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

ஆபீசில்கூட நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். எல்லப்பன் என்று ஒரு புதுப் பையன் இருக்கிறான், கூரத்துக்காரன், அவனை இறக்கிக்கொள்கிறோம் என்றார்களாம். இவர்தான் தயங்குகிறார். ஏன் என்று கேட்டேன். "ஒங்க நைனா லாரி வச்சிக்கினு வர்றாரு. நான் வெளியில குந்திக்கினு இருந்தா அவரு மூஞ்சிய எங்க வச்சிப்பாரு?" என்கிறார்.

நைனா, நான் கல்யாணத்தின்போதுகூட உங்களிடம் இந்தப் புடவை வேண்டும், அந்த நகை வேண்டும் என்று கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். "இந்த ஆட்டம் வேண்டாம் மாப்பிள்ளை, காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று. நீங்கள் சொன்னால் கேட்பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பிரியமுள்ள மகள்,
ஞானம்


உத்திரமேரூர்,
22.8.1979

அருமை மகளுக்கு நைனா எழுதியது.

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். உன் அம்மாவும் இப்படித்தான், எனக்கு ஒரு தும்மல் வந்தால் கோவிலுக்கு நேர்ந்துகொள்வாள். டாக்டருக்கு என்ன தெரியும்? ஓடாதே, குனியாதே, உப்புப் போடாதே, இந்த மூன்றையும் சொல்லித்தான் அவன் வீடே கட்டியிருப்பான். நான் நெருஞ்சி முள் ஏறிய காலோடு ஒரு போகம் நடவு பார்த்தவன்.

மரத்துப் போகிற ஊசி ஒன்று இருக்கிறதாம். போட்டுக்கொண்டு இறங்கினால் ஆட்டம் முடியும் வரைக்கும் வலியே தெரியாதாம். டீக்கடையில் கம்பவுண்டர் சொன்னார். இதை மாப்பிள்ளைக்கும் ஆபீஸ் விலாசத்துக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். ஊரே வருகிறது, என் மானம் உங்கள் காலில் இருக்கிறது என்றும் எழுதினேன். நீ கேட்டபடி ஒரு வரிக்கு மேலேயே எழுதியிருக்கிறேன், சந்தோஷம்தானே?

ஆட்டக்காரனைக் கட்டிக்கொண்டு முழங்காலுக்கு அழுதால் எப்படி? நெசவாளி வீட்டில் வாக்கப்பட்டிருந்தால் தறிச் சத்தத்துக்கு அழுவாயா?

எல்லப்பனாம். பெயரைக் கேட்டாலே பந்து வெளியே போகும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்புகிறாள். ஆட்டம் முடிந்ததும் எல்லாருமாக வீட்டுக்கு வருகிறோம், காப்பி போட்டு வை.

ஆசீர்வாதம்.
பஞ்சாட்சரம்


சென்னை,
8.9.1979

அன்புள்ள நைனாவுக்கு,

காப்பிக்குப் பால் வாங்கி வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். நேற்று ஆபரேஷன் முடிந்தது. இனிமேல் ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆடுவது இருக்கட்டும், காலை முழுக்க மடக்கவே முடியாதாம். உங்கள் கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார். நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்தேன், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இடைவேளைக்கு அப்புறம் யாருமே இடிக்காமல் தானாகவே விழுந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், மறுபடியும் விழுந்தார்.

அப்போது கேலரியிலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் நொண்டி மாடு! எய்ந்து ஓட்றா! இல்லன்னா சந்தைக்கு ஓட்டிடுவேன்!" சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். நான் சிறுவயதிலிருந்து களத்து மேட்டில் கேட்ட குரல் அது. எனக்கு அடையாளம் தெரியாதா?

அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். மயக்கம் தெளிந்ததும் அவர் என்னிடம் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "ஒங்க நைனாவுக்குத் தொண்ட கட்டிக்கினு இருக்கும். வூட்டுக்கு வந்தா சுடுதண்ணி வச்சிக் குடு."

நீங்கள் வரவில்லை. லாரி நேராக ஊருக்குப் போய்விட்டது என்று அப்புறம் தெரிந்தது. ஒரு தடவை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஞானம்


உத்திரமேரூர்,
19.9.1979

அருமை மகளுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து உன் அம்மா சோறு தின்னவில்லை. எனக்கும் வருத்தம்தான். நல்ல கால், போய்விட்டது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கேலரியில் மாமனாரும் இல்லை, மருமகனும் இல்லை. டிக்கெட் வாங்கினவன் கத்துவான், ஆடுகிறவன் கேட்டுக்கொள்ள வேண்டும். நாடகத்தில் ராஜா வசனத்தை மறந்தால் அவன் சொந்த அண்ணனே கல்லை எறிவான். அதற்காகக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுவிடுமா? என்னோடு வந்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் உடனே கிளம்பினேன். அறுப்பு வேறு வருகிறது, இப்போது மெட்ராஸ் பக்கம் வர முடியாது.

அன்றைக்கு மாப்பிள்ளைக்குப் பதிலாக இறங்கினானே எல்லப்பன், அவனைப் பார்த்தாயா? நீ எங்கே பார்த்திருக்கப் போகிறாய், ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓடியிருப்பாய். கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் தட்டினான் பார், லாரியில் வரும்போது எல்லாரும் அதையேதான் பேசிக்கொண்டு வந்தோம். விசாரித்தேன். நம்ம ஜனம்தான். கூரத்தில் நிலம் இருக்கிறது, இரண்டே பிள்ளைகள். வசந்தாவுக்குப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

தணிகைவேல் அவனோடு ஒரே ஆபீஸ்தானே. நம் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி வைக்கச் சொல். அவர் சொன்னால் எடுபடும்.

பஞ்சாட்சரம்


சென்னை,
5.10.1979

நைனாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தால் அவரிடம் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். தபால்காரர் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். படித்துவிட்டு மறுநாளே எல்லப்பனை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினார். "பொண்ணு தங்கம்பா. நல்ல குடும்பம். யோசிக்காத" என்று என் எதிரிலேயே சொன்னார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. அவர் மேலும் கோபம்தான்.

எல்லப்பன் நல்ல பையன்தான். வசந்தா நன்றாக இருக்கட்டும்.

இவருக்குப் பழைய நாற்காலி இல்லை. ஆட்டத்துக்காகக் கொடுத்த வேலை அது, ஆட்டம் போனதும் மைதான வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கோடு போடுவது, வலை கட்டுவது, கேட்டில் நிற்பது. ஊன்றுகோல் வைத்துக்கொண்டுதான் நடக்கிறார்.

கல்யாணத்துக்கு முறைப்படி நீங்களும் அம்மாவும் நேரில் வந்து, அவர் கையில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் நாங்கள் வரமாட்டோம். இது அவர் சொன்னது இல்லை. நான் சொல்வது.

ஞானசுந்தரி


உத்திரமேரூர்,
20.2.1980

மகள் ஞானசுந்தரிக்கு,

தை மாதக் கல்யாணம் திவ்யமாக நடந்தது. நீதான் வரவில்லை. பத்திரிகை போட்டேனே, வந்து சேரவில்லையா? கேட்டவர்களிடம் உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தேன். உன் அம்மா தாலி கட்டும் நேரத்தில்கூட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு எப்போது எதைப் பார்ப்பது என்றே தெரிவதில்லை. சாம்பார் மட்டும் கொஞ்சம் நீர்த்துவிட்டது. காஞ்சிபுரத்துச் சமையல்காரனை நம்பக் கூடாது.

நேரில் அழைக்கவில்லை என்று நீ குறைப்படுவாய். அழைக்கத்தான் மெட்ராசுக்கு வந்தேன். சம்பந்தியும் இரண்டு பங்காளிகளும் கூட வந்தார்கள். முதலில் எல்லப்பன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் உன் வீட்டுக்கு வரலாம் என்று மைதானத்துக்குப் போனோம். அங்கே தணிகைவேல் சுண்ணாம்பு வாளியோடு கோடு போட்டுக்கொண்டிருந்தார். கால் நீட்டியபடி இருக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. என்னைப் பார்த்துக் கை தூக்கினார். சம்பந்தி "அது யாருங்க?" என்று கேட்டார். மூத்த மாப்பிள்ளை என்று அந்தக் கோலத்தில் எப்படிச் சொல்வது? "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கோர் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் உன் வீட்டுக்கு வருவது சரியாகப் படவில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. உன் தங்கை வாழ்க்கையும் பார்க்க வேண்டும் இல்லையா?

எல்லப்பனுக்கு இடது கணுக்காலில் கொஞ்சம் வலியாம். அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வசந்தா அதற்கு அழுகிறாள். உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த மாதம் இறுதி ஆட்டம். டிக்கெட் கிடைக்காது என்கிறார்கள். மைதானத்திலேயே வேலை செய்கிறவர்களுக்குப் பாஸ் உண்டாமே. எனக்கும் சம்பந்திக்குமாக இரண்டு பாஸ் தணிகைவேலிடம் வாங்கி அனுப்பு.

பஞ்சாட்சரம்


சென்னை,
1.3.1980

ஐயா பஞ்சாட்சரம் அவர்களுக்கு,

பாஸ் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். அவர் மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்தது. நான் வேண்டாம் என்றேன். "கேட்டுட்டாரே" என்றார்.

உங்கள் கடிதத்தை அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஸ்கோர் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன் என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அன்னிக்கு போர்டு இன்னும் மாட்டவே இல்லியே" என்றார். ஆறு மாதமாக நான் ஆத்திரப்படும்போதெல்லாம் உங்களுக்காகப் பரிந்து பேசியவர் அவர் ஒருவர்தான். இனிமேல் பேச மாட்டார்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். உங்களுக்குத் தெரிவிக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரமாட்டேன். வளைகாப்புத் தட்டோடு யாரும் வர வேண்டாம். அவருடைய அக்கா செல்லம்மாள் வந்து எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா மட்டும் வருவதானால் வரட்டும். வசந்தாவிடம், அந்த ஊசியைப் போட விடாதே, காலில் விழுந்தாவது தடு என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்பதால் அவளுக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

பாஸ் மேற்கு கேட்டுக்கு. அன்றைக்கு அந்த கேட்டில் பாஸைக் கிழித்து உள்ளே விடுவது அவர்தான். சம்பந்தி எதிரில் சங்கடமாக இருக்குமோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம். அவர் உங்களைப் பார்த்துக் கை தூக்க மாட்டார். யார் என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடும்படி நான் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

இப்படிக்கு,
தணிகைவேல் மனைவி
ஞானசுந்தரி