ஒப்படைப்புக் குறிப்பு

கல்மண்டபம், ராயபுரம்.
14.11.2024

அன்புள்ள டோரதிக்கு,

மாதாவின் தயவில் நான் நலம். நீயும் கரோலினும் மாப்பிள்ளையும் பேரன் ஆன்றோவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இதைப் படம் எடுத்து உன் போனுக்கு மட்டும் அனுப்புகிறேன். மகளிடம் காட்ட வேண்டாம். போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால்தான் வரிசை தப்பாது.

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு வேலை நேற்றோடு முடிந்தது. விடுப்பில் போகிறவர்களுக்குப் பதில் ஆள் தரும் ஏஜென்சி என்னை அனுப்பிய மூன்றாவது இடம் அது. பிரசவ விடுப்பில் போன ஷிஜி என்ற பெண்ணுக்குப் பதிலாக ஆறு மாதம். துறைமுகத்தில் எண் சரிபார்த்தே ஓய்வு பெற்றவனுக்கு வேலை கடினமில்லை. கம்ப்யூட்டர் சரி என்று சொன்ன பிறகும் கண்டெய்னர் எண்ணைத் தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்வேன். ஒரு பெட்டிகூடத் தப்பான லாரியில் ஏறவில்லை. அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

பிறர் இடத்தில் உட்காரப் போனால், முதல் நாளே நாற்காலியின் உயரத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுவேன். இழுப்பறையில் எது எங்கே இருந்தது என்றும் எழுதிக்கொள்வேன். ஆபீஸ் கூட்ட வரும் பூவம்மா, "இன்னா சாரு, நாற்காலிக்குப் பட்டை போட்டுகினு கீறே? அது இன்னா கோயிலுக்கா போவுது?" என்று தினமும் கேலி செய்வாள். கடைசி நாள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, ஒப்படைப்புக் குறிப்பு எழுதி மேசைமேல் வைப்பேன்.

நேற்று ஷிஜி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், இழுப்பறையைத் திறந்தாள். அவளுடைய ஹேர்பின் டப்பா, பாதி தீர்ந்த தைலம் எல்லாம் அங்கேயே இருந்தன. "நேத்துதான் எழுந்து போன மாதிரி இருக்கு அங்கிள்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

யார்டு மேனேஜர் சுப்புராஜ் ஏஜென்சிக்கு என்ன சொன்னாரோ, இன்று காலை அங்கிருந்து ஜெமிமா பேசினாள். வள்ளூரில் சுப்புராஜின் கம்பெனிக்குப் புது யார்டாம். ஒரு வருட ஒப்பந்தமாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். யாருடைய இடம், எப்போது திரும்பி வருவார்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "யாரும் வரப்போறதில்ல அங்கிள். அது உங்க எடம்தான்" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நானோ பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஞாயிறன்று கரோலின், "மம்மி இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டுமா டாடி?" என்று கேட்டாள். "சரிம்மா, நல்லது" என்று சொல்லிவிட்டேன். பின்னால் உன் குரல் கேட்குமா என்று காத்திருந்தேன். குழந்தை அழுதது, லைன் போய்விட்டது. நீயும் சரி என்று சொன்னாயா, அல்லது என்னைப் போல வாயால் மட்டும்தான் சொன்னாயா என்று நான்கு நாட்களாக யோசிக்கிறேன்.

மகளுக்குத் துணையாக நீ வெளிநாடு போய்ப் பதினான்கு மாதம். பகலில் வீட்டில் இருக்க முடியாமல்தான் நான் வேலைக்கே போனேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

சமையலறையில் உன் டப்பாக்கள் வரிசை மாறவில்லை. குக்கர் ரப்பரை மட்டும் மாற்றினேன், பழையதையும் வைத்திருக்கிறேன். கடுகு டப்பா ஒருநாள் கைதவறி விழுந்து மூடி நெளிந்துவிட்டது, மன்னித்துக்கொள். கட்டிலில் உன் பக்கம் விரித்த விரிப்பு அப்படியே இருக்கிறது. இவை எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். கடைசியில் 'ஒப்படைத்த நாள்' என்ற இடம் மட்டும் காலி.

கரோலினுக்கு உன் துணை தேவைப்பட்டால் இரு. அதை நான் தப்பாக நினைக்கமாட்டேன். வள்ளூருக்குச் சரி சொல்லிவிடுகிறேன். அப்படி இல்லையென்றால் திங்கட்கிழமைக்குள் ஒரு தேதி மட்டும் அனுப்பு. காரணம் எழுத வேண்டாம். கிறிஸ்துமஸுக்குப் பிந்திய தேதியானாலும் போதும்.

அங்கே பனி என்றாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. பேரனுக்கு என் பெயரைச் சொல்லி நெற்றியில் ஒரு சிலுவை போடு. ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் இடத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்
பாஸ்கல்